மூன்று மொழிகள், மூன்று ஆல்பங்கள்: லாசா டி செலாவின் பாடலாக்கம், 1997–2009

லாசா டி செலாவின் இரண்டாம் ஆல்பமான 'தி லிவிங் ரோட்' 2003இல் வெளிவந்தது. அதில் 12 பாடல்கள். 5 ஸ்பானிஷ், 4 ஆங்கிலம், 3 பிரெஞ்சு. அதற்கு ஆறு ஆண்டு முன்னால் வந்த முதல் ஆல்பம் முழுக்க ஸ்பானிஷ். ஆறு ஆண்டு கழித்து வந்த மூன்றாம் ஆல்பம் முழுக்க ஆங்கிலம். 37 வயதில் மறைந்த இந்தப் பாடகி தம் வாழ்நாளில் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் இவ்வளவுதான்.

இந்த மொழி மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அவருடைய பிறப்பு. அப்பா மெக்சிகோக்காரர், அம்மா அமெரிக்கர், வாழ்ந்த ஊர் பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியல். ஆகவே பாட்டும் மூன்று மொழியில் வந்தது என்பார்கள். பல பண்பாடுகளின் சங்கமம் என்று ஒரு வரியும் கூடவே வந்துவிடும். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அதே வீட்டில், அதே பயணங்களில் வளர்ந்த அவருடைய சகோதரிகள் மூவர் சர்க்கஸ் கலைஞர்கள் ஆனார்கள். பின்னணி ஒருவருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துவிடாது. மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தால், மொழியோடு சேர்ந்து இன்னொன்றும் மாறி வருவது தெரியும். முதல் ஆல்பத்தின் இசையில் பெரும்பங்கு இன்னொருவருடையது. இரண்டாவதில் பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டது. மூன்றாவதில் எழுத்து, இசை, தயாரிப்பு என்று தலைமைப் பொறுப்பு முழுவதும் லாசாவின் கைக்கு வந்துவிட்டது. அவருடைய மொழித் தேர்வுகளை இந்த வளர்ச்சிக்குள் வைத்துப் பார்த்தால்தான் பொருள்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

பேருந்து வீடு

லாசா பிறந்தது 1972 செப்டம்பர் 27இல், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள பிக் இண்டியன் என்ற சிற்றூரில். பிறந்து ஐந்து மாதம் வரை குழந்தைக்குப் பெயர் இல்லை. அம்மா அப்போது திபெத் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அந்நாட்டுத் தலைநகரின் பெயரையே மகளுக்கு வைத்தார். அம்மா புகைப்படக் கலைஞர். பாட்டி எலீனா கரம் நடிகை. எலியா கசானின் 'அமெரிக்கா அமெரிக்கா' (1963) படத்தில் நடித்தவர். கலை இந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. பணம்தான் இல்லை.

பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு குடும்பம் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலுமாக அலைந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் பேருந்துக்குள்ளேயே. தொலைக்காட்சி கிடையாது. புத்தகம் உண்டு, கேசட் உண்டு. இரவானால் பிள்ளைகள் தாங்களே நாடகம் போட்டு, பாடி ஆடிப் பொழுதைக் கழித்தார்கள். அப்பாவோடு ஸ்பானிஷ், அம்மாவோடு ஆங்கிலம். இந்தக் குழந்தைப் பருவத்தைப் பத்திரிகைகள் மிகவும் விரும்பின. எந்தப் பேட்டியும் பேருந்தில்தான் ஏறும். வறுமையையும் நிலையின்மையையும் வண்ணக் கதையாக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. ஆனால் ஓர் உண்மையும் இருக்கிறது. மேடை என்பது லாசாவுக்கு வீட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. பார்வையாளர் பத்துப் பேருக்குள் இருக்கும் அறையில் பாடுவதற்கு அவர் சிறு வயதிலேயே பழகியிருந்தார்.

பெற்றோர் பிரிந்தபின் அம்மாவோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். அங்கே 13 வயதில் ஒரு கிரேக்க உணவகத்தில் பாடத் தொடங்கினார். பக்கவாத்தியம் இல்லை. பில்லி ஹாலிடேயின் ஜாஸ் பாடல்களும் மெக்சிகப் பாடல்களும் பாடினார். பிற்காலத்தில் அவர் ஸ்பானிஷில் பாடிய எதைக் கேட்டாலும், சொல் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வந்து விழுவதைக் கவனிக்கலாம். அந்தப் பழக்கம் பில்லி ஹாலிடேயைக் கேட்டுப் பாடிய காலத்தில் வந்தது என்றே நினைக்கிறேன். மெக்சிகப் பாடகி சாவேலா வர்காஸிடமிருந்து வந்தது வேறொன்று: அலங்காரத்தை ஒதுக்கிவிட்டு, கிட்டத்தட்டப் பேச்சாகவே ஒரு வரியைச் சொல்லிவிடும் துணிவு.

மாண்ட்ரியலில் ஸ்பானிஷ்

சகோதரிகள் மாண்ட்ரியலில் சர்க்கஸ் கல்வி கற்றுக்கொண்டிருந்தார்கள். 1991இல், 19 வயதில், அவர்களைப் பார்க்க வந்த லாசா அங்கேயே தங்கிவிட்டார். அவ்வூரில் கிதார் கலைஞர் ஈவ் தெரோசியேவைச் சந்தித்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருவரும் மாண்ட்ரியல் பார்களில் சேர்ந்து வாசித்தார்கள்.

அந்த ஐந்து ஆண்டுகள் கியூபெக் மாநிலத்துக்குச் சாதாரணக் காலம் அல்ல. 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் பிரெஞ்சைப் பொதுவாழ்வின் மொழியாக்கியிருந்தது. பிரெஞ்சு வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் வெகுசனப் பாடல்களில் 65 விழுக்காடு பிரெஞ்சுப் பாடல்களாக இருக்கவேண்டும் என்பது கனடாவின் விதி. 1995 அக்டோபர் 30இல் கியூபெக் தனிநாடாக வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு, வேண்டும் என்றவர்கள் 49.42. எந்த மொழியில் ஒருவர் வணக்கம் சொல்கிறார் என்பதை வைத்தே அவருடைய அரசியலை ஊகித்த நகரம் அது. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்பானிஷில் பாடிய ஒரு பெண் இரு தரப்பிலும் சேராதவர். கூட்டம் முதலில் குரலைக் கேட்டது, பிறகுதான் பொருளைத் தேடியது. ஸ்பானிஷ் அவருக்கு அப்பாவின் மொழி என்பது சரி. மாண்ட்ரியலில் அதற்கு இன்னொரு பயனும் இருந்தது என்பதை அவரைப் பற்றி எழுதியவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

'லா யோரோனா' 1997இல் கியூபெக்கின் சுயாதீன நிறுவனமான ஓடியோகிராம் வழியாக வந்தது. தலைப்பு மெக்சிகோ முழுவதும் வழங்கும் கதை ஒன்றிலிருந்து வருகிறது. தன் பிள்ளைகளை நீரில் மூழ்கடித்துவிட்டு, ஆற்றங்கரைகளில் அழுதுகொண்டே அவர்களைத் தேடித் திரியும் பெண்ணின் ஆவி அது. இந்தக் கதைக்கு ஆழமான வேர் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ தெ சாகுன் என்ற துறவி தொகுத்த நூலில், ஸ்பானியர் வருமுன் அஸ்டெக் மக்கள் கண்ட துர்நிமித்தங்களில் ஒன்றாக, இரவில் தன் பிள்ளைகளுக்காக அழுத ஒரு பெண்ணின் குரல் சொல்லப்படுகிறது. இதே பெயரில் புகழ்பெற்ற நாட்டுப்பாடல் ஒன்றும் இருக்கிறது. சாவேலா வர்காஸ் பாடியது. லாசா அதைத் தம் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. யாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய பாட்டை விட்டுவிட்டு, அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டார். 25 வயதை எட்டாத ஒருவரிடம் இந்தக் கட்டுப்பாடு வியப்புக்குரியது.

11 பாடல்களில் சில ஏற்கெனவே வழங்கி வந்தவை. 'எல் பயாந்தே', மக்தலேனா ஆற்றங்கரையில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவனின் துயரைச் சொல்லும் பழைய பாட்டு. 'லோஸ் பேசெஸ்' ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, குழந்தைகளும் அறிந்தது. 'எல் ஆர்போல் தெல் ஒல்விதோ' அர்ஜென்டினாவின் ஆல்பர்ட்டோ கினாஸ்தேரா இசையமைத்தது. கொலம்பியக் கரையும் ஸ்பெயினின் கிறிஸ்துமஸும் அர்ஜென்டினக் கச்சேரி மேடையும் ஒரே தட்டில் வந்து அமர்கின்றன. அவற்றை ஒன்றாகப் பிணைப்பது தெரோசியேவின் கை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசைச் சாயல், ஜிப்சி வயலின், கரகரத்த கிதார் எல்லாம் சேர்ந்து இடமும் காலமும் பிடிபடாத ஒலியைத் தருகின்றன. முதல் பாட்டான 'தெ காரா அ லா பரெத்' சுவரைப் பார்த்து அழுபவளின் பாட்டு. அதில் சொற்கள் மிகச் சொற்பம், வயலின்தான் அழுகிறது. ஆல்பத்தின் வலிமை அதுவே. வரம்பும் அதுவே. பாடகி இங்கே ஓர் உலகத்துக்குள் நுழைந்து பாடுகிறார். அந்த உலகத்தைக் கட்டியதில் பாதிக்கு மேல் வேறொருவருடைய உழைப்பு.

கடை அலமாரி

ஆல்பத்துக்கு 1997இல் கியூபெக்கின் ஃபெலிக்ஸ் விருதும், 1998இல் கனடாவின் ஜூனோ விருதும் கிடைத்தன. முன்னது உலக இசைப் பிரிவில். பின்னதும் அதையொத்த பிரிவில்தான். இந்தப் பிரிவின் வரலாறு குறுகியது. 1987 ஜூன் மாதம் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், 'எம்பிரஸ் ஆஃப் ரஷ்யா' என்ற மதுக்கடையின் மாடியில் சிறு இசை நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் கூடினார்கள். ஆங்கிலம் அல்லாத இசையைக் கடைக்காரர்கள் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் திணறியதுதான் அவர்களுடைய கவலை. 'வேர்ல்ட் மியூசிக்' என்ற விற்பனைப் பெயரை எல்லாரும் பயன்படுத்துவது என்று அங்கே முடிவானது. கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. பல ஆப்பிரிக்க, ஆசியக் கலைஞர்களுக்கு அது வழிவிட்டதும் உண்மை. ஆனால் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, மாண்ட்ரியலில் வசித்து, அந்நகர பார்களில் உருவான ஒருவரை, கியூபெக்கின் விருதே உலக இசைக்காரர் ஆக்கியது. ஸ்பானிஷில் பாடியது ஒன்றுதான் அதற்குக் காரணம். பக்கத்துத் தெருவில் ஆங்கிலத்தில் பாடியவர் இண்டி கலைஞர். இவர் அயல் இசைஞர்.

'லிலித் ஃபேர்' என்ற இசைவிழாச் சுற்றுப்பயணத்தில் பாடினார். ஐரோப்பாவில், முக்கியமாகப் பிரான்சில், ரசிகர் கூட்டம் பெருகியது. வழக்கமாக இந்த நேரத்தில் இரண்டாம் ஆல்பம் வந்திருக்க வேண்டும். லாசா சர்க்கஸுக்குப் போனார்.

1999இல் பிரான்சுக்குச் சென்று, சகோதரிகள் இருந்த 'போசெரோஸ்' என்ற சிறு சர்க்கஸ் குழுவோடு ஊர் ஊராக வண்டியில் பயணம் செய்தார், கூடாரத்தில் பாடினார். பிறகு மார்செய் நகரில் தங்கி எழுதத் தொடங்கினார். வணிகக் கணக்கில் இது இழப்பு. எழுத்துக் கணக்கில் இங்கேதான் திருப்பம் இருக்கிறது என்பேன். 'லா யோரோனா'வையே திரும்ப எடுத்துத் தரும்படி எதிர்பார்த்த சந்தையிலிருந்தும், தெரோசியேவின் ஒலியிலிருந்தும் அவர் இங்கே விலகி நின்றார்.

மொழிகளின் வேலைப் பங்கீடு

'தி லிவிங் ரோட்' மாண்ட்ரியலில், பிரான்சுவா லலோந்த், ழான் மாசிகோத் ஆகிய இருவருடன் சேர்ந்து உருவானது. மூன்று மொழிகள் இருந்தாலும் ஒரே பாட்டுக்குள் மொழிகள் கலந்து வராதது கவனிக்கத்தக்கது. எந்த மொழி எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்தால் ஒழுங்கு ஒன்று புலப்படுகிறது.

ஸ்பானிஷ் பாடல்களில் காதலும் நிலமும் வருகின்றன. தொடக்கப் பாடலான 'கோன் தோதா பாலாப்ரா' அன்புக்குரியவரை ஒவ்வொரு சொல்லாலும் பார்வையாலும் நெருங்கிச் செல்லும் பாட்டு. அதன் கட்டமைப்பு நம் போற்றிப் பாடல்களைப் போல ஒரே தொடரை மீண்டும் மீண்டும் எடுத்து அடுக்கிச் செல்கிறது. 'லா ஃப்ரொந்தேரா'வில் ஒருத்தி மறுபடியும் எல்லைக்கு வந்து நிற்கிறாள், மறுபடியும் கடக்கப்போகிறாள். அவளை அனுப்புவது காற்று. அமெரிக்க-மெக்சிக எல்லையைப் பேருந்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்த சிறுமி எழுதிய பாட்டு இது. ஆனாலும் சொந்தக் கதை எதையும் அது சொல்வதில்லை. எல்லை தாண்டுகிற எவரும் அந்த இடத்தில் நிற்கலாம்.

பிரெஞ்சு அவர் வளர்ந்த பின் கற்ற மொழி. அந்த மூன்று பாடல்களில் வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் எளியவை. பேசுபவள் புதிதாக வந்தவள். 'லா மரே ஓத்' கிளம்பிப் போகிறவளின் பாட்டு. 'ஜாரீவ் அ லா வீல்' நகரத்துக்கு வந்து சேர்பவளின் பாட்டு. 'லா கொன்ஃபெசியோன்' தன் குற்றத்தை ஒப்புக்கொள்பவளின் பாட்டு. கற்ற மொழியில் குற்றத்தை ஒப்புக்கொள்வது எளிது என்பது பல மொழி பேசுபவர்கள் அறிந்ததுதான். தாய்மொழியில் தொண்டையை அடைக்கும் சொல் பிறமொழியில் வெளியே வந்துவிடும்.

ஆங்கிலம் தன்னைப் பற்றியது. 'மை நேம்', 'ஸ்மால் சாங்' என்ற தலைப்புகளே சொல்லிவிடும். ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'சூன் திஸ் ஸ்பேஸ் வில் பி டூ ஸ்மால்' பற்றி லாசா மேடைகளில் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அது அவருடைய அப்பாவின் கருத்து. கருவில் இருக்கும்போது நாம் எல்லையற்ற வெளியில் மிதக்கும் சிறு ஒளியாகத் தொடங்குகிறோம், வளர வளர அந்த வெளி சுருங்குகிறது, சுவர்கள் நெருங்குகின்றன, எல்லாம் முடிந்தது என்று அஞ்சும் நொடியில் வேறொரு பெரிய வெளிக்குள் வந்து விழுகிறோம். சாவும் அப்படித்தான் இருக்கும் என்பது அப்பாவின் முடிவு. அப்பாவின் தத்துவத்தை அவர் அம்மாவின் மொழியில் எழுதினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பா வழி வந்தது ஸ்பானிஷ், அம்மா வழி வந்தது ஆங்கிலம் என்ற பிறப்புக் கணக்கு இந்த ஒரு பாட்டிலேயே உடைந்துபோகிறது.

2005இல் பிபிசி ரேடியோ 3இன் உலக இசை விருது, அமெரிக்கக் கண்டங்களுக்கான பிரிவில் இந்த ஆல்பத்தால் அவருக்கு வந்தது. அலமாரி மாறவில்லை. ஆனால் அவர் பழகிய வட்டம் மாறிவிட்டது. பிரிட்டனின் டிண்டர்ஸ்டிக்ஸ் குழுவோடு 2003லும், அதன் பாடகர் ஸ்டூவர்ட் ஸ்டேபிள்ஸின் தனி ஆல்பத்தில் 2006லும் ஆங்கிலத்தில் இணைந்து பாடினார். மாண்ட்ரியல் பாடகர் பேட்ரிக் வாட்சனோடு நட்பும் வேலையும் தொடர்ந்தன. 2008இல் 'லா ரூத் ஷாந்த்' என்ற பெயரில் பிரெஞ்சில் ஒரு நூலும் வெளியிட்டார்.

தன் பெயரில் ஓர் ஆல்பம்

மூன்றாம் ஆல்பத்தின் பெயர் 'லாசா'. 2009 ஏப்ரலில் வெளிவந்தது. ஒலிப்பதிவு நடந்தது மாண்ட்ரியலின் மைல் எண்ட் பகுதி இண்டி இசைஞர்களின் கூடமான 'ஹோட்டல்2டேங்கோ'வில். 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' குழுவினரும் ஹவர்ட் பிலர்மனும் நடத்திய இந்த ஸ்டுடியோவில்தான் ஆர்கேட் ஃபயர் குழுவின் 'ஃபியூனரல்' பதிவானது. லாசாவே தயாரிப்பாளர். ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே பதிந்து கோக்கும் முறையைத் தவிர்த்து, எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிக்க, நாடாவில் நேரடியாகப் பதிந்தார்கள். இந்த முறையில் பாடகர் தவறினால் அதை மட்டும் எளிதில் திருத்த முடியாது. ஒருவருடைய கருவி இன்னொருவருடைய மைக்கில் கசியும். பாடுபவர் மற்றவர்களை நம்பினால் மட்டுமே இது கைகூடும்.

சாரா பாஷேயின் ஹார்ப், ஜோ கிராஸின் கிதார், ஆண்ட்ரூ பாரின் டிரம்ஸ், மைல்ஸ் பெர்கினின் பாஸ். ஒலி அமெரிக்க நாட்டுப்புற இசைக்கும் காஸ்பலுக்கும் புளூஸுக்கும் அருகில் நிற்கிறது. வயலின் அழுது காட்ட வேண்டிய தேவை இப்போது இல்லை. சொல்லே போதும் என்ற நிலைக்குப் பாட்டு வந்துவிட்டது. 'ரைசிங்' பாட்டில் புயலில் தூக்கி எறியப்படுபவள் எந்த ஆர்ப்பாட்டமும் இன்றித் தன் நிலையைச் சொல்கிறாள். கருவிகள் அவளுக்குப் பின்னால் மெல்ல எழுகின்றன. 'லா யோரோனா'வின் ரசிகர்கள் சிலர் இந்த எளிமையில் ஏமாற்றம் அடைந்தார்கள். என் மதிப்பில் மூன்றில் இதுவே முதிர்ந்தது.

2008இல் லாசாவுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதனால் இந்த ஆல்பத்தை மரண சாசனமாகக் கேட்கும் வழக்கம் உருவாகிவிட்டது. கேட்பவரின் துக்கம் புரிகிறது. ஆனால் ஆய்வாளரால் அதை ஏற்க முடியாது. பிறப்பையும் சாவையும் ஒரே வாசலின் இரு பக்கங்களாகப் பார்க்கும் சிந்தனை 2003இன் பாட்டிலேயே முழுமையாக இருக்கிறது. நோய் அவருக்கு அந்தக் கருப்பொருளைக் கொடுக்கவில்லை. எல்லைகளைக் கடப்பது பற்றிய ஒரு நீண்ட சிந்தனையின் தொடர்ச்சி அது. மூன்றாம் ஆல்பத்தின் 'ஐம் கோயிங் இன்' பாட்டையும் அந்த வரிசையில் வைத்துக் கேட்டால், அதிலிருக்கும் திடம் விடைபெறுதலாக மட்டும் ஒலிக்காது.

ஆல்பம் வந்த பிறகு மாண்ட்ரியலிலும், பாரிஸின் பூஃப் து நோர் அரங்கிலும் பாடினார். 2009 மே மாதம் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் பாடியவை கடைசிக் கச்சேரிகள். அவற்றின் பதிவு 2017இல் ஆல்பமாக வந்தது. 2009 இலையுதிர்காலத்துக்குத் திட்டமிட்டிருந்த பயணம் ரத்தானது. 2010 ஜனவரி 1 இரவு மாண்ட்ரியலில் தம் வீட்டில் இறந்தார். மைல் எண்டில் ஒரு பூங்காவுக்கு நகராட்சி 2014இல் அவர் பெயரை வைத்தது. அவரைப் பற்றி ஃப்ரெட் குட்மன் எழுதிய ஆங்கில நூலை டெக்சாஸ் பல்கலைக்கழக அச்சகம் 2019இல் வெளியிட்டது.

அவர் செய்ய விரும்பிச் செய்ய முடியாமல் போன வேலை ஒன்று உண்டு. சிலி நாட்டின் வியோலெட்டா பார்ரா, விக்டர் ஹாரா ஆகிய இருவரின் பாடல்களைக் கொண்ட ஓர் ஆல்பம். பார்ரா கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர். ஹாரா 1973இல் இராணுவப் புரட்சியின்போது கொல்லப்பட்டவர். முழு ஆங்கில ஆல்பத்துக்குப் பின் ஸ்பானிஷுக்கு, அதுவும் பிறர் எழுதிய பாடல்களுக்குத் திரும்ப அவர் நினைத்தது, அவருடைய பாதையை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒற்றைக் கோடாக வரைபவர்களுக்கு இடிக்கும். 1997இல் பழைய பாடல்களைத் தெரோசியேவின் ஒலிக்குள் நின்று பாடியவர் அவர். இந்த முறை எந்தப் பாட்டு, எந்த வாத்தியம், யார் வாசிப்பது என்று தீர்மானிக்கப்போவது அவராகவே இருந்திருப்பார்.